படங்களை டேட்டாபேஸில் வைப்பதா, ஃபைலாக வைப்பதா? இணையக் கடை தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆண்ட்ராய்டு போனில், வாட்ஸ்அப்பில் வந்த பழைய படம் ஒன்றை கேலரியில் போய் டெலீட் செய்துவிட்டு, மறுபடியும் அந்த சாட்டைத் திறந்து பாருங்கள். படம் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு உருவம் மட்டும் தெரியும். தட்டினால், அந்த ஃபைல் போனில் இல்லை என்று செய்தி வரும். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு அனுப்பியது, கூடவே என்ன எழுதியிருந்தார் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். படம் மட்டும் இருக்காது.

ஏன் இப்படி? வாட்ஸ்அப் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. செய்தி, நேரம், அனுப்பியவர், கூடவே அந்த மங்கலான குட்டிப் படம் ஆகியவை ஒரு டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன. உண்மையான பெரிய படம், தனி ஃபோல்டரில் தனி ஃபைலாக இருக்கிறது. நீங்கள் கேலரியில் அழித்தது ஃபைலை. அது போன விஷயம் டேட்டாபேஸுக்குத் தெரியாது.

ஒரு குட் மார்னிங் படம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே பிரிவினைதான் உங்கள் கடையின் இணையதளத்துக்குள்ளும் நடக்கிறது. அங்கே படம் போனால், வியாபாரமே போகலாம்.

ஒரு சுங்குடிக் கடையின் கணக்கு

மதுரையில் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சிறிய கடை இணையத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் புடவைகள் இன்னமும் வருகின்றன. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். கைவேலை என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. விற்றுப்போன பிறகு அந்த டிசைனுக்கு மிஞ்சுவது போட்டோ மட்டும்தான். ‘போன தீபாவளிக்கு அக்கா எடுத்தாங்களே, அதே மாதிரி வேணும்’ என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால், காட்டுவதற்கு வேறு எதுவும் கிடையாது.

கடையில் 800 புடவைகள். ஒவ்வொன்றுக்கும் 5 போட்டோ. மொத்தம் 4,000. இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் சுமார் 3 எம்பி என்றால், எல்லாம் சேர்த்து 12 ஜிபி.

இந்த 12 ஜிபியை எங்கே வைப்பது? கேள்வி இவ்வளவுதான். பதில் இரண்டு. ஒன்று, விலை, நிறம், கையிருப்பு இருக்கும் அதே டேட்டாபேஸுக்குள் படத்தையும் திணிப்பது. இரண்டு, படங்களை சர்வரில் ஒரு ஃபோல்டரில் ஃபைலாக வைத்துவிட்டு, எந்தப் புடவைக்கு எந்தப் படம் என்ற முகவரியை மட்டும் டேட்டாபேஸில் எழுதிவைப்பது.

டோக்கனும் போனும்

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 2018 முதல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் கவுன்டரில் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். போன் பெட்டியில் இருக்கும், எண் உங்கள் கையில் இருக்கும். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

படத்தை ஃபைலாக வைப்பது இந்த முறைதான். டேட்டாபேஸில் இருப்பது டோக்கன் எண். ஃபோல்டரில் இருப்பது போன்.

படத்தை டேட்டாபேஸுக்குள்ளேயே வைப்பது என்றால், எண் எழுதும் நோட்டுப் புத்தகத்துக்குள்ளேயே எல்லா போன்களையும் செருகி வைப்பது போல. எதுவும் பிரிந்து தொலையாது என்பது உண்மை. ஆனால் நோட்டைத் தூக்கவே நாலு பேர் வேண்டும்.

டேட்டாபேஸுக்குள் வைத்தால் என்ன ஆகும்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். டேட்டாபேஸின் பெரிய பலம், ‘நடந்தால் முழுசா நடக்கணும், இல்லைன்னா ஒண்ணுமே நடக்கக் கூடாது’ என்ற விதி. இதை டிரான்ஸாக்‌ஷன் என்பார்கள். புடவை விவரமும் படமும் ஒன்றாகவே பதிவாகும், ஒன்றாகவே அழியும். பாதியில் கரன்ட் போனாலும், விவரம் இருக்கிறது படம் இல்லை என்ற நிலை வராது. பேக்கப்பும் ஒன்றே ஒன்றுதான்.

இனி சிக்கல்கள். முதலாவது, இன்ஜினீயரிங் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்ட் செய்யும் பலரும் முட்டிக்கொள்வது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் படம் வைக்க ‘பிளாப்’ என்றொரு வகை உண்டு. பெயரைப் பார்த்தால் எவ்வளவு பெரிய படமும் பிடிக்கும் போலத் தோன்றும். உண்மையில் அதன் கொள்ளளவு 65,535 பைட்டுகள், அதாவது 64 கேபி. 3 எம்பி படத்தைக் கொடுத்தால், இன்றைய வழக்கமான அமைப்பில் பிழைச் செய்தி வரும். கண்டிப்பு குறைவான பழைய அமைப்பில், சத்தமில்லாமல் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும். புடவையின் மேல் ஓரம் மட்டும் தெரிந்து, கீழே எல்லாம் சாம்பல் நிறமாக நிற்கும். 16 எம்பி வரை வேண்டுமென்றால் ‘மீடியம்பிளாப்’, 4 ஜிபி வரை என்றால் ‘லாங்பிளாப்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டம். மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள், யாரும் மாற்றாத வரை, 151. கடையின் ஒரு பக்கத்தில் 40 புடவைகள் தெரிகின்றன என்றால், படமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும்போது ஒரே ஒரு வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்தாலே 40 முறை டேட்டாபேஸைத் தட்ட வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஆஃபர் போட்டு 100 பேர் ஒன்றாக வந்தால் 4,000 தட்டு. ஆர்டர் போட வந்தவரும், விலை பார்க்க வந்தவரும், படத்துக்காக நிற்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். படங்கள் ஃபைலாக இருந்தால், 40 புடவைகளின் விவரங்களையும் முகவரிகளையும் ஒரே கேள்வியில் எடுத்துவிடலாம். படங்களை வெப் சர்வரே நேராக அனுப்பிவிடும். டேட்டாபேஸ் அந்தப் பக்கமே வராது.

மூன்றாவது, பேக்கப். சிறிய கடைகளில் பொதுவாக ராத்திரிதோறும் டேட்டாபேஸை முழுதாக நகலெடுப்பார்கள். விலையும் விவரமும் மட்டும் என்றால் அது சில எம்பி, நொடிகளில் முடியும். உள்ளே 12 ஜிபி படம் இருந்தால், அன்றைக்கு ஒரே ஒரு விலையை மாற்றியிருந்தாலும் 12 ஜிபியையும் நகலெடுக்க வேண்டும். ஃபைலாக இருந்தால், அன்றைக்குப் புதிதாக வந்த படங்களை மட்டும் நகலெடுத்தால் போதும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. படத்தை ‘பேஸ்64’ என்ற முறையில் எழுத்துகளாக மாற்றி, டேட்டாபேஸில் சாதாரண டெக்ஸ்ட் போலச் சேமிப்பது. இப்படி மாற்றினால் 3 பைட்டு 4 பைட்டாகும். 12 ஜிபி, 16 ஜிபி ஆகிவிடும். அதில் ஒரு லாபமும் இல்லை.

அப்போ ஃபைல்தான் சரியா?

பெரும்பாலான கடைகளுக்கு, ஆமாம். பிரவுசருக்கு அது பிடித்த முறை. ஒருமுறை இறக்கிய படத்தை போனிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைத் தொந்தரவு செய்யாமல் காட்டும். சிடிஎன் எனப்படும், பல ஊர்களில் நகல் வைத்து அருகிலிருந்து படத்தைத் தரும் சேவையையும் எளிதாகச் சேர்க்கலாம். அமேசான் 2006-ல் தொடங்கிய எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பிடங்களும் இந்தக் கட்சிதான். அங்கேயும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு பொருள். டோக்கனும் போனும்.

உலகில் ஏராளமான சிறு தளங்கள் ஓடும் வேர்ட்பிரஸ்ஸும் இதைத்தான் செய்கிறது. நீங்கள் ஏற்றும் படத்தை ஆண்டு, மாதம் என்று பிரித்த ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதன் பாதையை மட்டும் டேட்டாபேஸில் குறித்துக்கொள்கிறது. கூடவே போனுக்கு, கம்ப்யூட்டருக்கு என்று பல அளவுகளில் நகல்களையும் உண்டாக்குகிறது. நீங்கள் ஒரு பெரிய படத்தை ஏற்றினால், உள்ளே ஏழெட்டு ஃபைல்கள் சேர்ந்துவிடும். 4,000 படம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஃபோல்டரில் 28,000-க்கும் மேல் இருக்கும். மலிவு விலை ஹோஸ்டிங்கில் ‘இத்தனை ஜிபி’ என்பதோடு ‘இத்தனை ஃபைல்’ என்ற வரம்பும் இருப்பது வழக்கம். இடம் மிச்சமிருக்கும்போதே புதுப் படம் ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஃபைல் முறையின் உண்மையான பலவீனம் வேறு. டோக்கனும் போனும் தனித்தனி என்பதால், ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமல் போகலாம். விவரம் பதிவாகி, படம் ஏறும்போது நெட் போனால், தளத்தில் உடைந்த படக் குறி தெரியும். புடவை விவரத்தை அழித்துவிட்டுப் படத்தை மறந்தால், அது யாருக்கும் வேண்டாத அனாதை ஃபைலாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இதற்கு அனுபவப்பட்ட டெவலப்பர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். சேர்க்கும்போது முதலில் படம், பிறகு விவரம். அழிக்கும்போது முதலில் விவரம், பிறகு படம். நடுவில் எங்கே தடைபட்டாலும் மிஞ்சுவது அனாதை ஃபைலாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் கண்ணில் உடைந்த படம் படாது. அனாதைகளை மாதம் ஒருமுறை பெருக்கித் தள்ளிக்கொள்ளலாம்.

தமிழில் பெயர் வைத்தால்?

ஃபைலாக வைக்கும்போது நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ‘கொடி’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைக்கிறீர்கள். யூனிகோடில் அந்த ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகச் சேமிக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பிரித்துச் சேமிக்கும் பழக்கம் உள்ளவை. அங்கிருந்து ஏற்றிய ஃபைலை, டேட்டாபேஸில் உள்ள சேர்த்தெழுதிய பெயரில் தேடினால், ‘ஃபைல் இல்லை’ என்று வரும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கண்ணெதிரே இருக்கும். தலை சுற்றும்.

நீளமும் ஒரு தடை. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் பொதுவாக 255 பைட்டுகளைத் தாண்ட முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ‘மீனாட்சி’ என்ற நான்கெழுத்துச் சொல்லே புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 8 குறியீடுகள், 24 பைட்டுகள். அதையே இணைய முகவரியாக அனுப்பும்போது 72 எழுத்துகளாக விரிந்துவிடும்.

தீர்வு எளிது. ஃபைலுக்கு எண்ணோ கணினி உண்டாக்கும் குறியீடோ பெயராக இருக்கட்டும். ‘மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்’ என்ற அழகான தமிழ்ப் பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும். தேடுவதற்கும் அதுதான் வசதி. இரண்டு பேர் ஒரே பெயரில் படம் ஏற்றி ஒன்றின் மேல் ஒன்று விழுவதும் இதில் நடக்காது.

விளக்குத்தூண் படம் இருக்குமிடம்

பெரிய ஆவணக் காப்பகங்கள் என்ன செய்கின்றன? மதுரையிலிருந்தே தொடங்கலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் மதுரையைப் படமெடுத்தார். திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம், இன்று நாம் விளக்குத்தூண் என்று சொல்லும் பிளாக்பர்ன் நினைவுத்தூண் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் எடுத்த மதுரைப் படங்களில் சில, விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

10 கோடிக்கும் மேற்பட்ட ஃபைல்கள் உள்ள அந்தத் தளத்தில், யார் ஏற்றியது, எப்போது, எத்தனை பிக்சல் போன்ற விவரங்கள் டேட்டாபேஸில் இருக்கின்றன. படம் தனிச் சேமிப்பிடத்தில் இருக்கிறது. ஒரே ஃபோல்டரில் கோடிக்கணக்கில் குவிக்காமல் இருக்க, விக்கி மென்பொருள் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் கணக்கிட்டு ஒரு குறியீடு உண்டாக்குகிறது. அதன் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்து 256 பிரிவுகளில் ஒன்றில் போடுகிறது. தபால்களை பின்கோடு பார்த்துப் பிரிப்பது போலத்தான்.

ஈழத்தமிழர்களின் ‘நூலகம்’ திட்டம் இன்னும் நெருக்கமான உதாரணம். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சமூகம் நேரில் பார்த்தது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ உண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற விவரங்கள் விக்கி பக்கத்தில், அதாவது டேட்டாபேஸில். ஸ்கேன் செய்த ஃபைல், வேறொரு முகவரியில், எண் வாரியாகப் பிரித்த ஃபோல்டரில். 357-ம் எண் நூல் என்றால், நூறு நூறாகப் பிரித்ததில் நான்காவது ஃபோல்டரில், 357 என்ற பெயரிலேயே இருக்கும். விக்கி பக்கம் ஒருநாள் வேலை செய்யாமல் போனாலும், எண் தெரிந்தவர் ஃபைலைக் கண்டுபிடித்துவிட முடியும். சிறிய கடைகளும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய முறை இது.

ஃபைல் முறைக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டியது ஃபேஸ்புக். 2010-ல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, அப்போதே அங்கே 26,000 கோடிப் படங்கள் இருந்தன. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனி ஃபைல். ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் குவிந்ததால், ஒரு படத்தை எடுக்க டிஸ்க்கை 10 முறைக்கு மேல் படிக்க வேண்டியிருந்தது. அதனால் ‘ஹேஸ்டாக்’ என்ற புது ஏற்பாட்டைச் செய்தார்கள். பல லட்சம் படங்களை மிகப் பெரிய ஒரே ஃபைலில் அடுக்கி, எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியலை மெமரியில் வைத்தார்கள். கவனித்துப் பாருங்கள், அங்கேயும் பட்டியல் வேறு, படம் வேறுதான்.

எப்போது டேட்டாபேஸ் சரி?

படம் சின்னதாக இருக்கும்போது. 2006-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். அவர்களில் ஒருவர், டேட்டாபேஸ் துறையின் முன்னோடியும் டூரிங் விருது பெற்றவருமான ஜிம் கிரே. 256 கேபிக்குக் கீழே இருந்தால் டேட்டாபேஸ், 1 எம்பிக்கு மேலே போனால் ஃபைல், நடுவில் இருந்தால் எவ்வளவு அடிக்கடி மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று முடிவு சொன்னார்கள். அந்தக் கால மென்பொருளில் செய்த சோதனை என்பதால் எண்கள் இன்று அப்படியே பொருந்த வேண்டியதில்லை. போக்கு மாறவில்லை.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஏகப்பட்ட ஆப்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸை உருவாக்கியவர்களும் சோதித்திருக்கிறார்கள். சுமார் 10 கேபி அளவுள்ள குட்டிப் படங்களைத் தனித்தனி ஃபைலாகப் படிப்பதைவிட, டேட்டாபேஸிலிருந்து படிப்பது 35% வேகம் என்கிறார்கள். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடும் வேலை மிச்சம் என்பதே காரணம். வாட்ஸ்அப்பின் அந்த மங்கலான குட்டிப் படம் டேட்டாபேஸில் இருப்பதன் நியாயம் இப்போது புரியும்.

கையெழுத்து, கடை முத்திரை, சின்ன புரொஃபைல் படம் போன்றவற்றை டேட்டாபேஸில் வைப்பதில் தவறில்லை. விவரத்தையும் படத்தையும் ஒரு நொடிகூடப் பிரிக்கக் கூடாது என்ற தேவை இருந்தாலும் அதுவே சரி.

ஆதார் நகல் விஷயத்தில் கவனம்

புடவைப் படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும். ஆதார் நகலை யாரும் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைப்பதுதான் ஆபத்து.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், ஆன்லைனிலேயே அறை பதிவு செய்ய ஒரு தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையின் படத்தையும் ஏற்றச் சொல்கிறார். அது, அறைகளின் படங்கள் இருக்கும் அதே பொது ஃபோல்டரில் போய் விழுகிறது. லாகின் செய்தால்தான் பார்க்க முடியும் என்று அவர் நம்புகிறார். ஆனால் பூட்டு இருப்பது பக்கத்துக்குத்தான், ஃபைலுக்கு அல்ல. முகவரி தெரிந்த யாரும் படத்தை நேராகத் திறக்கலாம். ஃபைல்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் கொடுத்திருந்தால், எண்ணை மாற்றி மாற்றி அடுத்தவர் அட்டையையும் பார்த்துவிடலாம். சர்வர் அமைப்பு சரியில்லை என்றால், ஃபோல்டரில் உள்ள மொத்தப் பட்டியலே திரையில் விரியும்.

இதற்காக டேட்டாபேஸுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதில்லை. வெப் சர்வர் நேராக எட்ட முடியாத தனி ஃபோல்டரில் வைத்து, ‘இவருக்கு உரிமை இருக்கிறதா’ என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே காட்ட வேண்டும். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. படம் என்ற பெயரில் யாராவது நிரல் ஃபைலை ஏற்றினால், அதை சர்வர் இயக்கிவிடக் கூடாது. ஏற்றும் ஃபோல்டரில் எந்த நிரலும் ஓடாதபடி தடுக்க வேண்டும்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் அதில் இடமுண்டு. டேட்டாபேஸில் பெயரை அழித்துவிட்டு, ஆதார் படத்தை அனாதை ஃபைலாக விட்டுவைத்தால், அழித்ததாக ஆகாது.

‘பேக்கப் இருக்குண்ணே’

‘தம்பி, படமெல்லாம் பத்திரமா இருக்குல்ல?’ என்று கடைக்காரர் கேட்பார். ‘எல்லாம் பேக்கப்ல இருக்குண்ணே’ என்று பதில் வரும். இருவருமே பொய் பேசவில்லை. ஆனால் அந்த பேக்கப்பில் இருப்பது எது? டேட்டாபேஸை மட்டும் நகலெடுத்திருந்தால், கையில் இருப்பது 4,000 டோக்கன். போன் ஒன்றுகூட இல்லை. ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றும் அன்றுதான் இது தெரியவரும். புடவைப் பெயர், விலை எல்லாம் புதுத் தளத்தில் வந்துவிடும். படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் உடைந்த குறி.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஒருகாலத்தில் ஃபேஸ்புக்கைவிடப் பிரபலமாக இருந்த மைஸ்பேஸ், சர்வர் மாற்றத்தின்போது பழைய ஃபைல்களை இழந்துவிட்டதாக 2019 மார்ச்சில் வெளியே தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஏற்றிய படங்கள், வீடியோக்கள், பாடல்கள் இனி கிடைக்காமல் போகலாம் என்று அந்தத் தளமே அறிவித்தது. கணக்குகள் இருந்தன. உள்ளே வைத்தது இல்லை.

பேக்கப்பை அதே கட்டிடத்தில் வைப்பதும் போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீக்கிரையானது. லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு மீட்க வழியில்லாமல் போனது.

டெவலப்பரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

தொழில்நுட்பம் தெரியாதவரும் இவற்றைக் கேட்கலாம். தெளிவாகப் பதில் சொல்லும் டெவலப்பர் கிடைத்தால் பாதி கவலை தீர்ந்தது.

1. படங்கள் டேட்டாபேஸில் இருக்கின்றனவா, ஃபோல்டரிலா, கிளவுடிலா? அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

2. பேக்கப்பில் டேட்டாபேஸும் படங்களும் இரண்டும் இருக்கின்றனவா? இரண்டும் ஒரே நாளில் எடுத்தவையா?

3. பேக்கப்பிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பி, படங்களோடு ஒருமுறையாவது பார்த்தாயிற்றா?

4. நகல்களில் ஒன்றாவது வேறு கம்பெனியிலோ கடையிலுள்ள ஹார்டு டிஸ்க்கிலோ இருக்கிறதா?

5. ஒரு பொருளையோ வாடிக்கையாளரையோ அழித்தால், படமும் அழிகிறதா?

6. அடையாள அட்டை போன்ற தனிப்பட்ட படங்கள் தனியாகப் பூட்டிய இடத்தில் இருக்கின்றனவா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் என்று சொல்லப்படும் ஒரு நம்பிக்கை மட்டுமே.

படங்களை ஃபைலாக வைப்பது, முகவரியை டேட்டாபேஸில் வைப்பது, இரண்டையும் சேர்த்தே பாதுகாப்பது. பெரும்பாலான தளங்களுக்கு இந்த மூன்றும் போதும். இடம் பற்றாமல் போகும்போது கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது, ‘எல்லாம் வெப்சைட்டில்தான் இருக்கே’ என்று போனில் உள்ள போட்டோக்களை அழிப்பது. அதைச் செய்யும் முன், அந்த ஆறு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.